எதிரி ஆஜர்

மணிமாறன் இறந்து நாற்பத்தோராம் நாள் காலையில் அவனைக் கைது செய்யப் போலீஸ் வந்தது.

வந்தவர் தலைமைக் காவலர் முருகையன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துக்க வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டுமோ அப்படித்தான் நுழைந்தார். மணிமாறனின் தகப்பனார் தேவநாதன் நாற்காலியைக் காட்டினார். முருகையன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, கடன் கேட்பவர் குரலில் விவரம் சொன்னார். மணிமாறன்மீது நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்திருக்கிறது. ஜாமீனில் விட முடியாத பிடியாணை. திங்கட்கிழமைக்குள் ஆளைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

தேவநாதனுக்கு எழுபத்தோரு வயது. மேல்பனந்தோப்பில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. உயர்த்தும் தேவை அவருக்கு வந்ததில்லை. சுவரில் மாலையோடு தொங்கிய படத்தை அவர் கையால் காட்டினார்.

"தெரியும்ங்க ஐயா," என்றார் முருகையன். "பாடிய ரோட்டுலேந்து தூக்கினதே நான்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில கூடவே வந்தேன். எனக்குத் தெரியும். ஆனா இந்தப் பேப்பருக்குத் தெரியாதுங்களே."

மணிமாறன் செய்த குற்றம் இது. கார்த்திகைப் புயல் வெள்ளத்தில் ஊர்க் குடிநீர்க் கிணற்றின் மோட்டார் எரிந்துபோயிற்று. ஊராட்சியில் மனு கொடுத்தார்கள். மனுவுக்கு ரசீது வந்தது, தண்ணீர் வரவில்லை. பதினெட்டு நாள் ஊர்ப் பெண்கள் பிரம்மதேசம் சாலைவரை நடந்து குடம் சுமந்தார்கள். பத்தொன்பதாம் நாள் மணிமாறன் மோட்டாரைத் தன் வண்டியின் பின்னால் வைத்துக் கட்டி, திண்டிவனத்தில் எரிந்த மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும், அதாவது காயில் கட்டும், சேரனின் கடைக்குக் கொண்டுபோனான். சேரன் இரண்டு நாளில் கட்டிக் கொடுத்தார். திரும்பும் வழியில் வாகனச் சோதனை. மோட்டார் யாருடையது என்று கேட்டார்கள். ஊருடையது என்றான். ஊருடைய மோட்டார் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். அன்று மாலையே, மோட்டாரைக் காணவில்லை என்று ஊராட்சியிலிருந்து ஒரு புகார் பெறப்பட்டது. மோட்டார் காணாமல் போனதை ஊராட்சி தெரிந்துகொண்டதே அது கிடைத்த பிறகுதான்.

இதற்கு முதல் தகவல் அறிக்கை என்று பெயர். தகவல் முதலில் வந்ததா, ஆள் முதலில் வந்தானா என்று கேட்பது வழக்கமில்லை. புகார் கொடுத்தவர் வாதி. யார்மீது கொடுத்தாரோ அவன் எதிரி. பிடிபட்ட மோட்டார் வழக்குச் சொத்து. வழக்குச் சொத்தை வழக்கு முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பதால், புதிதாகக் காயில் கட்டிய மோட்டார் காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் அட்டை கட்டி வைக்கப்பட்டது. பெண்கள் குடம் சுமப்பதைத் தொடர்ந்தார்கள்.

மணிமாறனை விழுப்புரத்தில் சிறை வைத்தார்கள். ஜாமீன் கிடைத்தது. ஆனால் வெளியே வருவதற்கு நிலப் பட்டா உள்ள இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். ஊரிலேயே அதிகப் பட்டா வைத்திருந்தவர் தேவநாதன். அவர் போகவில்லை. தங்கள் வீட்டு ஆண்கள் யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை என்றார். குற்றம் செய்யாதவனுக்கு எதற்குப் பிணை என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆகவே மகன் இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்தான். கடைசியில் மருமகள் செந்தாமரையின் அண்ணன்கள் வானூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டு அவனை வெளியே கொண்டுவந்தார்கள். மகன் வீடு சேர்ந்தான். தேவநாதன் அவனோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பெயர் சுத்தமாகட்டும், பிறகு ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஜாமீனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தினமும் காலை பத்து மணிக்கு எதிரி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நிலையம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். பேருந்து நிற்பது இந்தப் பக்கம். முப்பத்தோராம் நாள் காலை ஒன்பது ஐம்பதுக்கு, சாலையைக் கடக்கும்போது, ஒரு லாரி அடித்தது. நிலையத்துக்கு நேர் எதிரே. முருகையன் ஓடி வந்து தூக்கினார். திரும்பிப் போய் விபத்துப் பதிவேட்டில் இறந்தவர் மணிமாறன் என்று எழுதினார். பிறகு நிபந்தனைப் பதிவேட்டை எடுத்து, எதிரி மணிமாறன் இன்று கையெழுத்திட வரவில்லை என்று எழுதினார். இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே பேனா. முதல் பதிவேடு ஓர் அலமாரியில் போய் உறங்கியது. இரண்டாவது நீதிமன்றத்துக்குப் போயிற்று. நிபந்தனையை மீறிய எதிரியின் ஜாமீன் ரத்தானது. பிடியாணை பிறந்தது.

தேவநாதன் முருகையனைக் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். தன் மகன் திருடன் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்; யாரிடம் போக வேண்டும்? முருகையன் யோசித்தார். அந்த மாதிரி வரி காவல் நிலையத்தில் கிடைக்காது, நீதிமன்றத்தில்தான் கிடைக்கும் என்றார். அங்கேயும் எப்போதாவதுதான் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்படித்தான் தேவநாதன், எழுபத்தோரு வயதில், வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நீதிமன்றப் படி ஏறினார். திண்டிவனத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் அந்த நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. கீழே உரக்கடை. வக்கீல் சவுரிராயன் படிக்கட்டிலேயே காத்திருந்தார். இளைஞர், நல்லவர், அதனால் வழக்குகள் குறைவு.

சவுரிராயன் நிலைமையை விளக்கினார். இறப்புச் சான்றிதழோடு ஒரு மனுப் போட்டால் வழக்கு அற்றுப்போகும்.

"அற்றுப்போச்சின்னா, அவன் திருடன் இல்லைன்னு எழுதுவாங்களா?"

"எழுத மாட்டாங்க ஐயா. திருடன்னும் எழுத மாட்டாங்க, திருடன் இல்லைன்னும் எழுத மாட்டாங்க. ஆளே இல்ல, வழக்கும் இல்ல. அவ்ளோதான்."

தேவநாதனுக்கு அது பிடிக்கவில்லை. எழுதிய கறை அப்படியே இருக்கும், துடைக்கத்தான் ஆளில்லை என்று ஆகிறது. விடுதலை என்று எழுதுவதற்கு என்ன வழி என்று கேட்டார். விசாரணை நடக்க வேண்டும் என்றார் சவுரிராயன். விசாரணை நடப்பதற்கு? எதிரி உயிரோடு இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது சவுரிராயன் தரையைப் பார்த்தார்.

மனுவை வாங்க வேண்டியவர் தலைமை எழுத்தர் தையல்நாயகி. அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பிடியாணை நிலுவையில் இருக்கும்போது மனு வாங்க முடியாது, முதலில் போலீஸ் பிடியாணையைத் திருப்ப வேண்டும் என்றார். பிடியாணையை நீதிமன்றம் திரும்பப் பெறாமல் தான் திருப்ப முடியாது என்றார் பக்கத்தில் நின்ற முருகையன். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: தேவநாதனை உட்காரச் சொன்னார்கள்.

பன்னிரண்டு மணிக்கு, வாசலில் நின்ற டவாலி கோப்பைப் பார்த்துக் கூப்பிட்டார். "மணிமாறன்." கூடம் நிறைய ஆட்கள், யாரும் அசையவில்லை. "மணிமாறன்."

மேல்பனந்தோப்பில் கோயில் கூட்டம் நடக்கும்போது தலைக்கட்டு வாரியாகப் பெயர் கூப்பிடுவார்கள். பெயருக்கு உரியவன் வெளியூரில் இருந்தாலும், படுக்கையில் கிடந்தாலும், அந்த வீட்டு ஆள் யாராவது எழுந்து 'இருக்கோம்' என்று சொல்வார். அது போதும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று பொருள். தேவநாதன் வீட்டுப் பெயர் மூன்றாம் முறை கூப்பிடப்பட்டது அவருக்குத் தெரிந்து இல்லை.

"மணிமா—"

"இருக்கோம்," என்றார் தேவநாதன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னார்.

டவாலி கையைப் பிடித்துக் கூண்டில் கொண்டுபோய் விட்டார். நீதிபதி அன்றைய முந்நூறு கோப்புகளில் நூற்றெட்டாவதைப் படித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர் என்று கேட்டார். தேவநாதன், வந்திருக்க வேண்டும், வரவில்லை, தப்புதான் என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் பல நாளாகப் பதில் வைத்திருந்தார். எதிரி தவற்றை உணர்ந்து சரணடைந்ததால் பிடியாணை ரத்து என்றும், பழைய நிபந்தனை தொடரும் என்றும் நீதிபதி சொல்லச் சொல்ல, தையல்நாயகி எழுதினார். எதிரி ஆஜர்.

 சவுரிராயன் இறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு தையல்நாயகியிடம் ஓடினார். இப்போது பிடியாணை இல்லையே, மனுவை வாங்கிக்கொள்ளலாமே என்றார்.

தையல்நாயகி பேனாவை மூடினார். "இப்போ எப்டி சார் வாங்கறது? ஆஜர்னு எழுதியாச்சு. ஆஜரான எதிரி செத்துட்டாருன்னு நீங்க மனுப் போட்டா, அப்போ கோர்ட்டு பொய் சொல்லுதுன்னு அர்த்தம். நாங்க ஆள பாக்கறதில்ல சார். ஆஜரத்தான் பாக்கறோம்."

அன்று சவுரிராயனும் அதே பேருந்தில் வந்தார். இறங்கும்போது தேவநாதன் அவரிடம் சொன்னார்: எதிரி இல்லாமல் விசாரணை இல்லை என்றீர்களே, இப்போது எதிரி இருக்கிறார். சவுரிராயன் தனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்று பதில் சொன்னார். தேவநாதன் அதன் பிறகு எந்த இடத்திலும் தன் பெயர் மணிமாறன் என்று சொல்லவில்லை. பொய் சொல்வது அவர் வழக்கமல்ல. யாரும் கேட்கவும் இல்லை.

நிபந்தனை தொடர்ந்தது அல்லவா? தினமும் காலை அவர் பேருந்தில் போய் இறங்கி, அதே இடத்தில் சாலையைக் கடந்து, நிலையத்தில் கையெழுத்துப் போட்டார். தேவநாதன் என்றே போட்டார். முருகையன் முதல் நாள் மட்டும் அந்தக் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து சாலையின் இந்தப் பக்கமே வந்து நின்று, கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி, அவரை அழைத்துப் போனார். அதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

பதினான்கு மாதம் வாய்தா நடந்தது. வாய்தா என்பது வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளுவது. ஒரு முறை நீதிபதி மாறுதலாகிப் போனார். ஒரு முறை வக்கீல்கள் வேலைநிறுத்தம். புதிய சட்டம் வந்துவிட்டதால் குற்றப்பத்திரிகையில் பழைய பிரிவை அடித்துப் புதிய பிரிவு எழுத இரண்டு மாதம். வழக்குச் சொத்தை நேரில் காட்ட வேண்டும் என்று ஒரு முறை ஆணை; மோட்டாரைத் தூக்க வண்டி இல்லை என்று அடுத்த முறை பதில். ஒவ்வொரு முறையும் டவாலி கூப்பிட்டார், தேவநாதன் எழுந்தார், தையல்நாயகி எழுதினார். பதினான்கு மாதத்தில் ஒரு வாய்தாகூடத் தவறாமல் வந்த எதிரி இவர் ஒருவர்தான் என்று தையல்நாயகி மற்ற எதிரிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவுக்கு மணிமாறனின் பெயர் உயர்ந்தது.

வீட்டில் மட்டும் சங்கடம். செந்தாமரை வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருந்தாள். அவள் கணவர்மீது வழக்கு நடப்பதாகவும், அதில் அவர் தவறாமல் ஆஜராகி வருவதாகவும், ஆகவே அவருக்கு வாரிசு என்ற நிலை எழவில்லை என்றும் பதில் வந்தது. அவள் அந்தக் காகிதத்தை மாமனார் முன்னால் வைத்தாள். அவர் படித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள்தான், ஒரு வரி வாங்கிவிட்டால் முடிந்தது என்றார். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாட்சி விசாரணை வந்தது. அரசுத் தரப்பு வக்கீல் பிரபாவதி. அவருடைய முதல் சாட்சி, மோட்டாரைக் கைப்பற்றியபோது உடனிருந்து பார்த்ததாகக் கையெழுத்திட்டவர். நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அவர் தான் மோட்டார் எதையும் பார்க்கவில்லை, டீ கொண்டுபோனபோது கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், இந்த வருஷம் இது நாற்பத்தோராவது என்றார். இப்படித் தன்னைக் கூப்பிட்ட தரப்புக்கே எதிராகப் பேசுபவருக்குப் பிறழ்சாட்சி என்று பெயர். உண்மையைச் சொன்னவருக்கு இப்படியொரு பெயரா என்று தேவநாதன் சவுரிராயனைக் கேட்டார். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்றார் சவுரிராயன்.

இரண்டாம் சாட்சி சேரன். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியவர். மணிமாறனின் சாவுக்கு வந்து மாலை போட்டவர். மோட்டாரைத் தன்னிடம் கொண்டுவந்தார்கள், கட்டிக் கொடுத்தேன் என்றார். கொண்டுவந்தவர் கூண்டில் நிற்கும் இந்த எதிரிதானா என்று பிரபாவதி கேட்டார்.

சேரன் கூண்டைப் பார்த்தார். தேவநாதனைத் தெரியும் அவருக்கு. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவரு இல்லைங்க," என்றார் மெதுவாக.

பிரபாவதி சேரனையும் பிறழ்சாட்சி என்று அறிவித்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, தன் வாழ்நாளில் இத்தனை வலுவான வழக்கைப் பார்த்ததில்லை என்றார். இரண்டு சாட்சிகள் பிறழ்ந்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவர் வரவில்லை. வழக்குச் சொத்து வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் வழக்கு அசையாமல் நிற்கிறது என்றால் அதன் உறுதியை நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மதிய இடைவேளையில் சவுரிராயன் தேவநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. வழக்கு முடிந்தது, மோட்டாரைக் கொண்டுபோனது எதிரி இல்லை என்று சாட்சியே சொல்லிவிட்டார். இனி நீதிபதி எதிரியிடம் சில கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் விடுதலை.

"இன்னா எழுதுவாங்க?"

"மணிமாறன் மோட்டார எடுத்துக்கினு போனதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதுவாங்க ஐயா. நீங்க கேட்ட வரி."

தேவநாதன் படிக்கட்டில் உட்கார்ந்தார். கீழே உரக்கடைக்காரர் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரமும் தேவநாதன் சாப்பிடப் போகவில்லை.

மூன்று மணிக்கு நீதிபதி கோப்பைப் பார்த்துக் கேள்வியைப் படித்தார். ஊராட்சிக்குச் சொந்தமான மோட்டாரை நீர் எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படுவது பற்றி என்ன சொல்கிறீர்?

சவுரிராயன் அவருக்காகவே உதட்டை அசைத்துக் காட்டினார். தேவநாதன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்றால் மணிமாறன் சுத்தம். ஆனால் பதினெட்டு நாள் குடம் சுமந்த பெண்களைப் பார்த்துப் பொறுக்காமல் போனவன்? மோட்டாரை வண்டியில் கட்டும்போது தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தும் ஒத்தாசைக்குக் கூப்பிடாதவன்? அவனை யாரோ என்று சொல்லித்தான் அவனை மீட்க வேண்டும்.

"என் பையன்தான் எடுத்துக்கினு போனான்," என்றார். "யாரையும் கேக்கல. ஊருக்குத் தண்ணி இல்ல, அதனால எடுத்துக்கினு போனான். கட்டிக்கினு திரும்பக் கொண்டாந்தான். இத நான் வெளிய சொல்லல. அப்போ சொல்லியிருக்கணும்."

கூடத்தில் பேனாக்கள் நின்றன. பிரபாவதி எழுந்தார். எதிரி தன் குடும்பத்தின் சார்பில், தானாக முன்வந்து, எந்த வற்புறுத்தலும் இன்றி உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். குரல் தழுதழுத்தது. தான் நடத்திய வழக்குகளில் ஒரு வழக்கு உண்மையில் முடிவது இதுதான் முதல் முறை என்றார்.

நீதிபதி முதன்முறையாகத் தலை நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். நரைத்த தலையையும் நிமிர்ந்த முதுகையும் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். எதிரியின் வயது முப்பத்துநான்கு என்று எழுதியிருக்கிறதே என்றார்.

"விசாரணை நீண்டுபோய்விட்டது, யுவர் ஆனர்," என்றார் பிரபாவதி.

நீதிபதி தலையசைத்தார். அது அவருக்கு விளங்கக்கூடியதாகவே இருந்தது. தீர்ப்பு நான்கு வரி. மணிமாறன் மோட்டாரை அனுமதியின்றி எடுத்துச் சென்றதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதால் திருட்டுக் குற்றத்துக்குக் குற்றவாளி. எதிரியின் முதிர்ந்த வயதையும், தவறாமல் ஆஜரான நன்னடத்தையையும் கருதி, நீதிமன்றம் கலையும்வரை சிறை. அதாவது, அன்றைய வேலை முடிந்து நீதிபதி எழுந்து போகும்வரை கூடத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சவுரிராயன் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான்கரை மணிக்கு செந்தாமரை வந்தாள். சவுரிராயன் போனில் சொல்லியிருக்க வேண்டும். பெஞ்சில் மாமனாரைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அவர்களுக்கு எதிரே வழக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன.

"திருடன்னு எழுதிட்டாங்களா மாமா?"

"எழுதிட்டாங்கம்மா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அவன்தான் எடுத்துக்கினு போனான்னு சொன்னேன். தண்ணிக்காகப் போனான்னு சொன்னேன்."

 

"மாமா, தெனம் ராத்திரி சாப்பிடறப்போ, அப்பா எதுனா சொன்னாரான்னுதான் அவரு கேப்பாரு," என்றாள்.

ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்து உள்ளே போனார். விசிறிகள் நின்றன. தையல்நாயகி கோப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். டவாலி பெஞ்சருகில் வந்து, நீதிமன்றம் கலைந்துவிட்டது, மணிமாறனுடைய தண்டனை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றார். செந்தாமரை எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவன் தண்டன முடிஞ்சிதும்மா," என்றார் தேவநாதன். எழுந்திருக்கவில்லை.